தனியாகச் சுற்றுவதற்கு ஆன்லைன் கேம் எதற்கு?

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 8

"கில்ட் வார்ஸ் 2 ஆடுகிறேன், கில்டில் (ஆட்டக்காரர் குழுவில்) சேரவில்லை, ரெய்டு (குழுவாகப் போகிற பெரிய சண்டை) போனதில்லை, சும்மா ஊர் சுற்றுகிறேன் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். எனக்குப் புரியவே இல்லை. நாலு பேரோடு சேர்ந்து ஆடத்தானே ஆன்லைன் கேம்? தனியாகச் சுற்றுவதானால் இதைவிட நல்ல கிராபிக்ஸோடு ஆஃப்லைனில் எத்தனையோ கேம் இருக்கிறது, பிங் (இணையத் தாமதம்) தொல்லையும் கிடையாது. நீங்கள் செய்வது கல்யாண வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வருவது மாதிரி இல்லையா?"

ஜூன் 8, இரவு

யாரிடமும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அது கல்யாணச் சாப்பாடுதான். அதே இலையை ஆளில்லாத மண்டபத்தில் போட்டால் இறங்காது. என் பதில் அவ்வளவுதான், ஆனாலும் விரித்துச் சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆஃப்லைன் கேமும் ஆடுகிறவன்தான் நான். அதிலெல்லாம் உலகம் எனக்காகக் காத்திருக்கிறது, நான் போய் நின்றால்தான் அங்கே ஏதாவது நடக்கும். இங்கே நான் போய்ச் சேர்வதற்கு முன்பே ஏதோ நடந்துகொண்டிருக்கும், நான் கிளம்பிய பிறகும் நடக்கும். குவீன்ஸ்டேலை எடுத்துக்கொள்ளுங்கள், மனித இனத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆட்டம் தொடங்குகிற மேப். ஷேமூர் என்ற கிராமத்தை ஒட்டி ஒரு சோளக்காடு, டையா என்ற விவசாயி. வாளியில் தண்ணீர் எடுத்துச் சோளத்துக்கு ஊற்றலாம், மாட்டுக்குத் தீவனம் வைக்கலாம், புழு கிளம்புகிற மண்மேட்டை மிதித்து அடைக்கலாம். லெவல் 2, 3 ஆட்கள் செய்கிற வேலை. நான் புது கேரக்டரோடு அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கையில் வானவில் நிறத்தில் மின்னுகிற பைஃப்ராஸ்ட் கோலோடு ஒருவர் வந்தார். லெஜண்டரி ஆயுதம், செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். வந்தவர் ஒரு வாளியை எடுத்துப் பக்கத்து வரிசைக்கு ஊற்ற ஆரம்பித்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசை முடிந்ததும் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

எந்த ஆஃப்லைன் கேமும் இதை எனக்குத் தர முடியாது. அங்கே அந்த ஆள் எழுதி வைத்த பொம்மை. இங்கே அவர் எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்து, அன்றைக்கு அந்த நேரத்தில் சோளத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நினைத்த ஒரு மனுஷர்.

ஜூன் 9

"இப்படி ஆடுவது கேமைத் தப்பாக ஆடுவது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் வகை ஆட்கள் இந்த மாதிரி கேம் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறோம். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா மட் என்ற கேமை எழுதத் தொடங்கினார், அப்புறம் ரிச்சர்ட் பார்ட்டில் அதில் சேர்ந்தார். படமே கிடையாது, எல்லாம் எழுத்து. பார்ட்டில் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆட்டக்காரர்களை நாலு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர்கள், சுற்றிப் பார்க்க வருபவர்கள், பழக வருபவர்கள், அடுத்தவரை அடிக்க வருபவர்கள். இரண்டாவது வகை நாங்கள். கேம் செய்கிறவர்கள் எங்களை மனதில் வைத்துத்தான் மலை உச்சியில் விஸ்டா என்ற காட்சி முனை வைக்கிறார்கள், அருவிக்குப் பின்னால் குகை வைக்கிறார்கள். சாதிக்க வருபவருக்கு அருவிக்குப் பின்னால் என்ன வேலை?

ஜூன் 11

சரி, நேற்று கேட்ட கேள்வி நல்ல கேள்வி: "முன்பின் தெரியாதவர்கள் சுற்றி இருந்தால் தொந்தரவாக இருக்காதா?"

பல கேம்களில் தொந்தரவுதான். நான் அடிக்க வேண்டிய மிருகத்தை முதல் அடி அடித்தவன் கொண்டுபோய்விடுவான், நான் ஓடிப்போய் எடுக்க நினைத்த மூலிகை என் கண்முன்னே காணாமல் போகும். அந்த மாதிரி இடத்தில் தூரத்தில் ஒரு ஆள் தெரிந்தாலே எரிச்சல் வரும். 2012 ஆகஸ்டில் கில்ட் வார்ஸ் 2 வந்தபோது செய்த நல்ல காரியம், அந்த எரிச்சலுக்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டதுதான். தாதுப் பாறையை நான் வெட்டி முடித்தாலும் உங்களுக்கு அது அப்படியே நிற்கும், ஆளுக்கொரு பங்கு. ஒரு மிருகத்தைப் பத்துப் பேர் சேர்ந்து அடித்தால் பத்துப் பேருக்கும் அவரவர் அனுபவப் புள்ளி, அவரவர் லூட் (கிடைக்கிற பொருள்). பார்ட்டியில் (சிறு குழுவில்) சேர வேண்டாம், அழைப்பு அனுப்ப வேண்டாம். 80ஆம் லெவல் ஆள் குவீன்ஸ்டேலுக்கு வந்தால் அவருடைய பலம் அந்த இடத்துக்குத் தக்கபடி இறக்கப்படும், அதனால் அவர் ஒரே வீச்சில் மொத்தத்தையும் துடைத்துவிட்டு உங்களை வேடிக்கை பார்க்க வைக்க முடியாது. உயிர் போகிற நிலை வந்தால் உடனே சாவதில்லை, தரையில் கிடந்தபடியே போராடலாம், வழியில் போகிற யாரும் பக்கத்தில் நின்று எஃப் பட்டனை அழுத்தித் தூக்கிவிடலாம். தூக்கிவிட்டவருக்கும் அனுபவப் புள்ளி உண்டு.

இவ்வளவும் சேர்ந்து என்ன ஆகிறது? இன்னொருவர் வருவது தெரிந்தால் மனசு லேசாகிறது. பேசாமலே உதவலாம், பேசாமலே நன்றி சொல்லலாம். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஜூன் 12

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். 2006இல் நிக்கோலா டுஷெனோ, நிக் யீ உள்ளிட்ட ஆய்வாளர்கள் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுபவர்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான கேரக்டர்களின் நடமாட்டத்தைத் தொடர்ந்து கவனித்துப் பார்த்ததில், பலர் பெரும்பாலான நேரம் தனியாகத்தான் ஆடுகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் சுற்றிலும் ஆள் இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். பார்ப்பதற்கு ஆள், நம்மைப் பார்ப்பதற்கும் ஆள், பின்னணியில் யாரோ பேசுகிற சத்தம். "ஆன்லைன் கேம் என்றாலே கூட்டணி" என்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ரெய்டு போகிறவர்கள் சத்தமாக இருப்பதால் அவர்கள்தான் கேம் என்று தோன்றுகிறது.

ஜூன் 16, நீளமாகப் போகும்

லார்னர்ஸ் பாஸ் பற்றி எழுதச் சொன்னீர்கள். எனக்குப் பிடித்த மேப், அதனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற மலைக் கணவாய். வடக்கே ஸ்னோடன் டிரிஃப்ட்ஸின் பனி, தெற்கே பிளட்டைட் கோஸ்ட்டின் கடல். நடுவில் மலையைக் குடைந்த மாதிரி டர்மண்ட் பிரையரி, படிப்பாளிகளின் மடம், உள்ளே பெரிய நூலகம். பலரும் இதை லயன்ஸ் ஆர்ச் நகரத்துக்குப் போகிற வழி என்று மட்டும் நினைத்து ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள். பாதையை விட்டு நாலு அடி தள்ளிப் போனால் அங்கே வேறு ஒரு பிழைப்பு நடந்துகொண்டிருக்கும்.

ஒரு விஸ்டா. தெரியாதவர்களுக்கு: மேப்பில் சிவப்பு முக்கோணக் குறி, நேரில் பார்த்தால் காற்றில் மிதக்கிற ஒரு வரைபடத் தாள். அதைத் தொட்டால் கேமரா நம் தோளை விட்டுக் கிளம்பி அந்தப் பிரதேசத்தைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும். பெரும்பாலும் ஏறச் சிரமமான இடத்தில்தான் வைப்பார்கள். நான் சொல்கிற விஸ்டா கீழே நின்றால் தெரிகிறது, ஆனால் பாதை தெரியவில்லை. பாறையில் கால் வைக்க இடமிருப்பது போல ஒரு விளிம்பு, அதில் நின்றால் அடுத்தது எட்டாத தூரம். குதித்தேன், விழுந்தேன். விழுந்தது அரைகுறையாக இல்லை, முழுதாகச் செத்துக் கிடந்தேன். காசு கொடுத்தால் வேபாயிண்ட்டில் (நொடியில் போய்ச் சேரக் குறித்து வைத்த இடம்) எழுந்திருக்கலாம், ஆனால் அது மலையின் அந்தப் பக்கம்.

அப்படியே கிடந்து சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சார் போனார். சார் என்பது கொம்பு வைத்த பூனை மாதிரி பெரிய உருவம் கொண்ட இனம். ராப்டர் என்ற மவுண்ட் (சவாரி விலங்கு) மேல் வேகமாகப் போனவர், என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து இறங்கினார். செத்தவரை எழுப்ப நேரம் ஆகும், அதுவும் ஒற்றை ஆளாக என்றால் இன்னும் ஆகும். நின்று எழுப்பினார். நன்றி என்று டைப் செய்வதற்குள் நான் விழுந்த விளிம்பை அண்ணாந்து பார்த்துவிட்டு, மவுண்ட்டில் ஏறாமல் நடந்தே இடது பக்கம் போனார். பத்தடி போய் நின்றார். திரும்பினார். நான் வருகிறேனா என்று பார்க்கிறார்! பின்னால் போனேன். ஒரு பைன் மரத்துக்குப் பின்னால், கீழிருந்து பார்த்தால் வெறும் நிழலாகத் தெரிகிற இடத்தில், ஒரு ஒற்றையடிச் சரிவு இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நிற்பார், நான் வந்து சேர்ந்ததும் அடுத்ததற்குப் போவார். மேலே போய் விஸ்டாவைத் தொட்டேன், கேமரா கிளம்பிச் சுற்றியது. அது முடிந்து பார்வை திரும்பியபோது அவர் குனிந்து வணக்கம் வைத்துவிட்டு வேபாயிண்ட்டில் போய்விட்டார்.

அவர் பெயரைக்கூட நான் கவனிக்கவில்லை. எந்த நாட்டுக்காரர், எந்த மொழி, ஒன்றும் தெரியாது. உயரத் தாவுகிற ஸ்பிரிங்கர் என்ற மவுண்ட் இருந்தால் அந்த உச்சிக்கு இரண்டே தாவலில் போயிருக்கலாம், அவரிடம் நிச்சயம் இருந்திருக்கும். நான் காலால் ஏறுகிறேன் என்பதற்காக அவரும் காலால் ஏறினார். இதற்காகத்தான் நான் ஆன்லைனில் சுற்றுகிறேன்.

ஜூன் 17

மவுண்ட் பற்றி உடனே சண்டை தொடங்கிவிட்டது, எதிர்பார்த்ததுதான்.

வரலாறு இதுதான். 2012 முதல் 2017 வரை இந்த கேமில் சவாரி விலங்கே கிடையாது. 2015 அக்டோபரில் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் என்ற விரிவாக்கம் வந்தபோது கிளைடர் வந்தது, காற்றில் மிதந்து இறங்கலாம். 2017 செப்டம்பர் 22இல் அடுத்த விரிவாக்கமான பாத் ஆஃப் ஃபயர் வந்தது, அதோடு மவுண்ட். ராப்டர் நீளத் தாண்டும், ஸ்பிரிங்கர் உயரத் தாவும், ஸ்கிம்மர் தண்ணீர் மேலும் புதைமணல் மேலும் மிதக்கும், ஜேக்கல் மணலில் மறைந்து தள்ளிப்போய் முளைக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி பாரம், வேகம், திரும்புகிற விதம். வேறு எந்த கேமிலும் சவாரியை இவ்வளவு அக்கறையோடு செய்து நான் பார்த்ததில்லை.

ஆனால் 2012இல் செய்த மேப்கள் காலுக்காகச் செய்தவை. எந்தப் பாறை எட்டும், எது எட்டாது என்று ஒருவர் உட்கார்ந்து அளந்து வைத்திருக்கிறார். அதன் மேல் ஸ்பிரிங்கரில் தாவினால் அவர் வைத்த புதிரைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறோம். புதிதாக வருபவர்களுக்கு என் யோசனை: முதல் சில மேப்களையாவது நடந்தே பாருங்கள்.

ஜூன் 17, கொஞ்ச நேரம் கழித்து

மணிக்கட்டு வலி உள்ள நண்பர் எழுதியதைப் படித்தேன். "எனக்கு ஜம்ப் டைமிங் வராது, விரல் ஒத்துழைக்காது, ஸ்பிரிங்கர் வந்த பிறகுதான் நான் விஸ்டாக்களையே பார்த்தேன்" என்கிறார். இதற்கு மேல் என்ன சொல்ல? நீங்கள் தாராளமாக ஸ்பிரிங்கரில் போங்கள். மேலே நான் சொன்னது விரல் ஒத்துழைக்கிறவர்களுக்கு மட்டும். பாத் ஆஃப் ஃபயரின் பாலைவன மேப்கள் முழுக்க மவுண்ட்டை நம்பிச் செய்தவை, உங்களுக்கு அவை இன்னும் பிடிக்கும். டெசர்ட் ஹைலேண்ட்ஸில் ஸ்பிரிங்கரை வைத்து ஏறுவதே ஒரு தனிக் கலை.

ஜூன் 23

நூறு சதவீதம் பற்றி.

பெரும்பாலான மேப்களில் இதயம் (ஊர்க்காரர்களுக்கு உதவுகிற வேலை), வேபாயிண்ட், பார்க்க வேண்டிய இடம், ஹீரோ சேலஞ்ச், விஸ்டா என்று கணக்கு உண்டு. எல்லாம் முடித்தால் அந்த மேப் நூறு சதவீதம். மத்திய டைரியா (அடிப்படை கேமின் உலகம்) முழுவதும் முடித்தால் பெயருக்குப் பக்கத்தில் தங்க நட்சத்திரம், ஒரு பட்டம், அதோடு இரண்டு கிஃப்ட் ஆஃப் எக்ஸ்ப்ளோரேஷன். முதல் தலைமுறை லெஜண்டரி ஆயுதம் செய்ய அந்த கிஃப்ட் வேண்டும். அதனால் சுற்றிப் பார்ப்பதில் துளியும் ஆர்வமில்லாதவர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு இதை முடிக்கிறார்கள், ஒரு பக்கம் வீடியோ ஓட, இன்னொரு பக்கம் குறியிலிருந்து குறிக்கு ஓட்டம்.

நீண்ட நாள் எனக்கு இது பிடிக்கவில்லை. சுற்றுவதை வீட்டுப்பாடம் ஆக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது கொஞ்சம் வேறு மாதிரி தோன்றுகிறது. குறிகளைப் போட்டவர்கள் கண்டபடி போடவில்லை. ஆர் பகுதியில் இருக்கிற மால்கர்ஸ் லீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கதைப்படி கடலுக்குள் மூழ்கிக் கிடந்து மேலே வந்த நாடு. கோயில் தூணில் பவளம் முளைத்திருக்கும், தரையில் கப்பல் கிடக்கும். சும்மா விட்டிருந்தால் நான் அங்கே நடமாடுகிற பிணங்களுக்குப் பயந்து பாதி வழியில் திரும்பியிருப்பேன். "அங்கே ஒரு குறி இருக்கிறதே" என்ற ஒரே காரணத்துக்காகத்தான் உள்ளே போனேன், போனதால்தான் அந்தப் பவளத் தூணைப் பார்த்தேன். குறி ஒரு சாக்கு, அவ்வளவுதான். சாக்கு கிடைத்ததும் நின்று பார்ப்பதும் ஓடிவிடுவதும் அவரவர் கையில்.

குறியே இல்லாத இடங்களும் நிறைய உண்டு. அதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

ஜூலை 13

"வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் இருக்கிறது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ராத்திரி ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. இதற்கெல்லாம் நேரம் கட்டுப்படியாகுமா?" என்று கேட்டவருக்கு.

முன்பு வேறொரு கேமில் ரெய்டு கில்டில் இருந்தேன். வருகைப் பதிவு வைப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு வர முடியாது என்றால் இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பாதியில் எழுந்து போனதற்குப் பேச்சு வாங்கினேன். சில மாதம் விட்டுவிட்டுத் திரும்பிப் போனால் என் பொருட்கள் எல்லாம் குப்பை, புது லெவல், புது கியர் (ஆயுதம், கவசம்), முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கே லெவல் உச்சம் 2012இல் 80. இன்றைக்கும் 80. அசெண்டட் என்ற உச்சத் தரக் கியர் அதே வருஷம் நவம்பரில் வந்தது, எண்களில் அதைத் தாண்டிய கியர் இதுவரை வரவில்லை. ஒரு வருஷம் கழித்து வந்தாலும் உங்கள் ஆள் விட்ட இடத்தில், விட்ட பலத்தோடு நிற்பார். மாதச் சந்தா கிடையாது, அதனால் "காசு கட்டியிருக்கிறோமே, ஆடாமல் வீணாகிறதே" என்ற உறுத்தலும் இல்லை. அவ்வப்போது மட்டும் ஆடுகிறவனுக்கு இதைவிட மரியாதை தருகிற ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. குழந்தை கூப்பிட்டால் எழுந்து போங்கள். ஆள் மலை மேல் நின்றுகொண்டிருப்பார், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஜூலை 14

கூட்டத்தோடு சேர்ந்தும் ஆட ஆசை, ஆனால் கில்ட் வேண்டாம் என்றால் வேர்ல்ட் பாஸ், அதாவது மேப்பில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து அடிக்கிற பெரிய எதிரி. நம் ஊர் நேரத்துக்கு நன்றாகவே அமைகிறது. ஷேடோ பிஹிமத் குவீன்ஸ்டேலின் சதுப்பு நிலத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரி 9.15க்கு ஒன்று உண்டு. அது முடிந்ததும் ஸ்பார்க்ஃபிளை ஃபென்னுக்கு ஓடினால் 9.30க்கு டெக்வாட்டல். கடலிலிருந்து எழுகிற டிராகன், 2013 செப்டம்பரில் இதைக் கடினமாக்கிய பிறகு நாலைந்து பேர் ஆகாது, பத்துக்கணக்கில் ஆள் வேண்டும். யாராவது ஒருவர் கமாண்டர் குறியோடு நிற்பார், அவர் நிற்கிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள், அடிக்கிற இடத்தில் அடியுங்கள். முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். தினசரி ரீசெட் (அன்றாடக் கணக்கு புதிதாகத் தொடங்கும் நேரம்) நமக்கு விடியற்காலை 5.30.

ஜூலை 20

"உலகம் என்கிறீர்கள், ஆனால் அது மாறவே மாறாதே, அதே சோளம், அதே டையா" என்று முதல் கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார். நல்லது, விடாதீர்கள்.

சோளம் மாறவில்லைதான். ஆனால் லயன்ஸ் ஆர்ச் மாறியது. ஆரம்பத்தில் அது உடைந்த கப்பல்களைக் கொண்டு கட்டிய துறைமுக நகரம். 2014 தொடக்கத்தில் கதையில் ஸ்கார்லெட் பிரையர் என்ற வில்லி படையெடுத்து வந்து அதை அழித்தாள். எல்லாருடைய கேமிலும் அழிந்தது, பழைய ஊருக்குத் திரும்பிப் போக வழியில்லை. இடிபாடாகவே ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்து, 2015இல் புது ஊர் எழுந்தது. நான் சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகு. ஒருமுறை அங்கே நின்று மேப் சாட்டில் சும்மா "பழைய ஊர் எப்படி இருந்தது" என்று கேட்டேன். அடுத்த அரைமணி நேரம் ஆளாளுக்குச் சொன்னார்கள், எந்த மூலையில் என்ன இருந்தது, எங்கே நின்று நண்பருக்காகக் காத்திருப்பார்கள், புகை மூட்டத்தில் மக்களைக் காப்பாற்ற ஓடிய ராத்திரி எப்படி இருந்தது என்று. தனியாகச் சுற்றுகிறவனுக்கு வழிகாட்டிப் பலகையில் இதெல்லாம் கிடைக்காது.

ஆகஸ்ட் 4

டாங்கில்ட் டெப்த்ஸில் தொலைந்துபோய்க் கோபத்தில் எழுதியிருக்கிற தம்பிக்கு: எல்லாரும் தொலைகிற இடம் அது, கவலைப்படாதே. ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் மேப்கள் மாடி மாடியாக இருக்கும். உன் மேப்பில் குறி உன் தலைக்கு நேராகத் தெரியும், ஆனால் அது உனக்கு மேலே இரண்டு குகை தாண்டி இருக்கும். அம்புக்குறியை நம்பாதே. முதலில் வேபாயிண்ட்களை மட்டும் திறந்துகொள், சண்டையில் நிற்காமல் ஓடு. நூஹோக் தவளை மக்களின் குழிப்பாதைகளைப் பயன்படுத்துகிற மாஸ்டரியை (புதுத் திறமையை) எடு, பாதி மேப் அப்போதே திறந்துவிடும். குதிக்கவைக்கிற காளான் மாஸ்டரியும் சீக்கிரம் எடு. சேக் பூச்சிகள் கூட்டமாக வந்தால் திரும்பி நின்று வீரம் காட்ட வேண்டாம்.

அங்கேதான் நான் முதன்முதலில் மேப்பை மூடிவைத்துவிட்டு அடையாளத்தை வைத்து நடக்கப் பழகினேன். வேர் எந்தப் பக்கம் வளைகிறது, தண்ணீர் எங்கே விழுகிறது, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து நட. கொஞ்ச நாளில் அந்த மேப் உனக்குப் பிடித்துப்போகும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

ஆகஸ்ட் 25

ஜான்தீர் வைல்ட்ஸ் என்ற புது விரிவாக்கம் 20ஆம் தேதி வந்துவிட்டது, எல்லாரும் அங்கேதான். அதன் லோலேண்ட் ஷோர் மேப் முழுக்க ஆட்கள். முதல் வாரத்தில் ஒரு புது மேப்பைச் சுற்றுவது போல வேறொன்று இல்லை. யாருக்கும் எதுவும் தெரியாது, கைடு எழுதப்படவில்லை, "இந்தக் குகைக்கு வாசல் எங்கே" என்று மேப் சாட்டில் ஒருவர் கேட்டால் மூன்று பேர் "நானும் அதைத்தான் தேடுகிறேன்" என்கிறார்கள்.

சொந்த வீடும் வந்திருக்கிறது, ஹோம்ஸ்டெட். மரச்சாமான் செய்து அடுக்கலாம், தோட்டம் போடலாம். என்னைப் போன்றவனுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும் என்று நண்பர்கள் நினைத்தார்கள். அழகாக இருக்கிறது, உண்மை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கால் வெளியே இழுக்கிறது. அங்கே நான் அழைத்தால்தான் ஆள் வருவார்கள், வழிப்போக்கர் கிடையாது. முதல் நாள் எழுதியபோது உலகம் தானாக நடந்துகொண்டிருப்பதைத்தான் பெரிதாகச் சொன்னேன். இப்போது சொல்வதானால் வழிப்போக்கரைத்தான் முதலில் சொல்வேன். எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற ஆள் இருக்கிற இடம்தான் எனக்கு ஊர்.

செப்டம்பர் 1

தனிச் செய்தியில் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கேயே பதில்.

காசு கட்டாமல் தொடங்கலாம். 2015 ஆகஸ்ட் முதல் அடிப்படை கேம் இலவசம், 80 வரை போகலாம். இரண்டு கேரக்டர் இடம்தான். சாட், மெயில், வியாபாரம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. முக்கியமாக லெவல் 10 ஆகும் வரை தொடக்கப் பகுதியை விட்டு வெளியே போக முடியாது, எங்களைப் போன்ற சுற்றுகிறவர்களுக்கு அதுதான் கஷ்டம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், தொடக்க மேப்பிலேயே பார்க்க நிறைய இருக்கிறது.

ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் 2022இல் வந்தது. ஸ்டீமில் தொடங்கிய கணக்கு ஸ்டீமில்தான், நேரடியாகத் தொடங்கிய கணக்கை ஸ்டீமோடு இணைக்க முடியாது. பின்னால் வாங்கப்போவதை எங்கே வாங்குவீர்கள் என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்.

சர்வர் வட அமெரிக்கா, ஐரோப்பா இரண்டே பகுதி. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஐரோப்பாதான் கிட்டம். பிங் அதிகமாகத்தான் இருக்கும், கடைசி நொடியில் உருண்டு தப்புவது கொஞ்சம் பிசகும், ஆனால் சுற்றிப் பார்க்க அது தடையே இல்லை.

இங்கிலீஷ் சரியாக வராதே என்று இரண்டு பேர் தயங்கியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ்காரர்கள் ஏராளம், அவர்களும் உடைந்த இங்கிலீஷில்தான் எழுதுகிறார்கள். கையசைக்க, குனிய, ஆட எமோட் இருக்கிறது. எனக்கு லார்னர்ஸ் பாஸில் வழிகாட்டியவர் ஒரு எழுத்துகூட டைப் செய்யவில்லை.

எந்த இனம்? சில்வாரி எடுங்கள், கேலடான் ஃபாரெஸ்டில் தொடங்குவீர்கள். செடியிலிருந்து பிறந்த இனம், அவர்களும் உலகத்தைப் புதிதாகத்தான் பார்க்கிறார்கள். அல்லது குட்டையாக இருக்கிற அசுரா. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவர்கள் விஞ்ஞானிகள்.

அக்டோபர் 20

ஹாலோவீன் வந்துவிட்டது, மேட் கிங்கின் கடிகாரக் கோபுரம் திறந்திருக்கிறது. 2012இலிருந்து வருஷா வருஷம் வருகிற ஜம்பிங் பஸில், தாவித் தாவி ஏறுகிற புதிர். எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்பட வேண்டும், கீழிருந்து பச்சை மூட்டம் ஏறிக்கொண்டே வரும், நின்று யோசித்தால் முடிந்தது. பல்சக்கரமும் உடைந்த படிகளும் காற்றில் சுழலும். முன்னால் பெரிய உருவம் கொண்ட ஒரு நார்னோ சாரோ ஓடினால் அந்த முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது, அசுராவாகப் போகிறவர் எல்லாருக்கும் உபகாரம் செய்கிறார்.

விழுந்தவர்கள் அடுத்த சுற்று தொடங்கும் வரை ஒரே அறையில் காத்திருப்பார்கள். மற்ற ஜம்பிங் பஸில்களில் மெஸ்மர் என்ற மாயவித்தைக்காரர் வகை ஆள் யாராவது போர்ட்டல் (மாய வாசல்) போட்டு நம்மை மேலே இழுத்துக்கொள்வார், இங்கே அது நடக்காது, ஒவ்வொருவரும் தன் காலால்தான் ஏற வேண்டும். அதனால்தானோ என்னவோ அந்த அறையில் ஒரு தோழமை இருக்கிறது. ஒருவர் மேலே எட்டிவிட்டார் என்று தெரிந்தால் விழுந்தவர்கள் எல்லாரும் வாழ்த்து எழுதுகிறார்கள். முதல் கேள்வி கேட்ட நண்பர் கணக்குத் தொடங்கிவிட்டதாக நேற்று எழுதியிருந்தார், கடிகாரக் கோபுரத்துக்கு இப்போதே வரலாமா என்றும் கேட்டிருக்கிறார். வரலாம், இலவசக் கணக்கு என்றால் முன்பு சொன்ன லெவல் 10ஐ முடித்துவிட்டு. அதைத் தவிர இந்தத் திருவிழாவில் லெவல் பெரிய தடை இல்லை, கோபுரத்துக்குள் சண்டையே கிடையாது. கேமராவை முடிந்த அளவு பின்னால் இழுத்து வையுங்கள், அடுத்தவர் விழுவதைப் பார்த்துக்கொண்டு ஓடாதீர்கள்.